காரைக்குடி பக்கம் "கார் ஸ்டோரேஜ்"னு வண்டி விடப்போறீங்களா, இதப் படிச்சிட்டு விடுங்க. எனக்கு 3,85,000 போச்சு

கை இன்னும் நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. நேத்து சாயங்காலம்தான் வண்டி வீட்டுக்கு வந்துச்சு, நான் ஓட்டிட்டு வரல, லாரில ஏத்திக் கொண்டாந்து பள்ளத்தூர் வீட்டு வாசல்ல இறக்குனாங்க. மூணு மாசத்துக்குன்னு முன்பணமா வாங்குனது 50,000, இப்ப ரிப்பேருக்கு மெக்கானிக் எழுதிக் குடுத்தது 3,35,000. கூட்டுனா மூணு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம். ராத்திரி பூரா இந்த நம்பர்தான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு. மழைக்காலத்துல இந்த மாதிரி வண்டிய எப்படிப் பாதுகாக்கணும்னும் கீழ விவரமா எழுதுறேன், முதல்ல நடந்ததச் சொல்லிடுறேன்.

வண்டி 2008 போர்ஷே பாக்ஸ்டர். ரெண்டே சீட்டு, எஞ்சின் சீட்டுக்குப் பின்னாடி, மேல துணிக் கூரை. நடுவுல இருக்குற கொக்கிய எடுத்துவிட்டு பட்டன அமுக்குனா 12 செகண்டுல கூரை பின்னாடி மடங்கிப் போய் படுத்துக்கும். பணக்காரன் புலம்பல்னு நினைக்காதீங்க, நான் மாசச் சம்பளக்காரன், பதினாறு வருஷம் சேத்து வச்சு செகண்ட் ஹேண்டுல வாங்குனது. எனக்கு இருக்குற ஒரே ஆசை இந்த வண்டி மட்டும்தான்.

இருக்குறது வேளச்சேரில. 2015 வெள்ளமும் பாத்தாச்சு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலும் பாத்தாச்சு, எங்க பேஸ்மென்ட்ல கார் எல்லாம் மிதந்து ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு நின்னத இந்தக் கண்ணால பாத்திருக்கேன். ஐப்பசி பொறந்தா எங்க ஏரியால எல்லாரும் வண்டியக் கொண்டுபோய் மேம்பாலத்துல வரிசையா விட்டுட்டு வருவாங்க, அங்க இடம் பிடிக்கவே அடிதடி. அதுவும் தரையோட தரையா இருக்குற வண்டி இது, முழங்கால் தண்ணிலயே முடிஞ்சிரும். குளிர் நாட்டுல எல்லாம் பனி உருகுறதுக்கு ரோட்டுல உப்பக் கொட்டுவாங்க, அடில துருப் புடிக்கும், அதனால பனிக்காலம் பூரா இந்த மாதிரி வண்டிய வெளியவே எடுக்காம மூடி வைப்பாங்க. நமக்கு எதிரி உப்பு இல்ல, ஐப்பசி கார்த்திகை ஈரம்தான். அது முடிஞ்சு மார்கழி வந்துச்சுன்னா கூரையத் தொறந்து போட்டு ஓட்டுறதுக்கு நம்ம ஊரு மாதிரி வேற இடம் கிடையாது. அதனால சென்னை மழை முடியிற வரைக்கும் வண்டி செட்டிநாட்டுப் பக்கம் இருக்கட்டும், பொட்டல் பூமி, தண்ணி நிக்காதுன்னு முடிவு பண்ணேன். அந்த முடிவு தப்பில்லன்னு இப்பவும் சொல்லுவேன்.

எங்க வீட்டுலயே பின்னாடி கொட்டகை இருக்கு. ஆனா நாலு புள்ளிக்கும் (குடும்பத்துக்கும்) பொது, ஒரு பங்காளி பழைய நிலை கதவு உத்திரம் எல்லாம் அடுக்கி வச்சிருக்காக, ஓடு வேற ஒடஞ்சு கெடக்கு, எலி. எலி புகுந்தா வயரக் கடிச்சிரும். அப்பச்சி (எங்க பக்கம் அப்பாவ இப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னாக, "தம்பி, ஆள வச்சு ஒதுக்கித் தரச் சொல்றேன், நம்ம கண்ணு முன்னாடியே கெடக்கட்டும்"னு. நான்தான் வயசான காலத்துல அவுகளுக்கு எதுக்கு அலைச்சல்னு வேண்டாம்னுட்டேன்.

அப்பதான் இன்ஸ்டாவுல இந்த இடம் கண்ணுல பட்டுச்சு. பேரு போடல, போட்டா வக்கீல் நோட்டீஸ் விடுவேன்னு ஏற்கெனவே மெரட்டியாச்சு. காரைக்குடிக்கு வெளிய பழைய குடோன் ஒண்ண வெள்ளையடிச்சு, தரைக்கு எபாக்ஸி பூச்சு போட்டு, விலை கூடுன வண்டிகள மாசக்கணக்குல நிறுத்தி வச்சுப் பாத்துக்குற இடம்னு விளம்பரம். தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி விடியக்காலம் சென்னைல கெளம்பி, திருமயம் கோட்டை தாண்டுனதும் கூரையத் தொறந்துவிட்டு ஓட்டிட்டு வந்தேன், மழை பேஞ்சு ஓஞ்ச மண்ணு வாசனை, ரெண்டு பக்கமும் கருவேலம். அதுதான் கடைசி ஓட்டம்னு அப்பத் தெரியல.

உள்ள போனதும் அந்த ஆளு கேட்ட முதல் கேள்வி, "அண்ணே நம்ம பக்கமா, எந்த ஊரு?" சொன்னேன். "அடடே பள்ளத்தூரா, அப்பச்சி சௌக்கியமா?" எங்க அப்பச்சிய அவனுக்குத் தெரியவே தெரியாது, ஆனா அந்த ஒரு வார்த்தைல நான் உக்காந்துட்டேன். காப்பி வந்துச்சு. அதுக்கப்புறம் அவன் செஞ்சதுதான் என்னைக் கவுத்துச்சு. இந்த வண்டில கூரை மடங்குற குழிக்கு ரெண்டு பக்கமும் தண்ணி வடியிற ஓட்டை இருக்கும். அதுல சருகு அடைச்சா தண்ணி போக வழியில்லாம உள்ள கார்பெட்டுக்கு எறங்கிரும், சீட்டுக்கு அடில அலாரம், லாக், இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாம வண்டி ஸ்டார்ட் ஆகாம தடுக்குறது) எல்லாத்தையும் பாத்துக்குற எலக்ட்ரானிக் பெட்டி இருக்கு, அது நனைஞ்சா வண்டி பொணம். இது இந்த வண்டிக்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம். அவன் ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து, கூரையப் பாதி தூக்கச் சொல்லி, அந்த ஓட்டைல மெதுவா ஊத்துனான். அப்புறம் பின் டயருக்கு முன்னாடி மண்டி போட்டு உக்காந்து, அடில உள்ளங்கைய நீட்டி, சொட்டுன தண்ணிய எங்கிட்ட காமிச்சான். "மாசா மாசம் இப்படிப் பாப்போம்ணே. ஈரத்தோட கூரைய மடிக்கவே மாட்டோம், பூஞ்சை புடிச்சிரும். பேட்டரி சார்ஜ் எறங்காம இருக்க மெயின்டைனர் மாட்டிருவோம்."

எல்லாமே சரியான பேச்சு. ஒரு வார்த்தை தப்பில்ல. ஈரமான அந்தக் கையப் பாத்ததுமே நான் ஜிபேல 50,000 அனுப்பிட்டேன், மாசம் 12,000 மேனிக்கு மூணு மாசம், 14,000 முதல் நாள் டீடெய்லிங்னு, அதாவது உள்ள வெளிய முழுசா சுத்தம் பண்றதுக்கு. ரெண்டாவது சாவியும் கேட்டான், அவசரத்துக்குன்னு. அதையும் குடுத்தேன். கையெழுத்துப் போட்ட பேப்பரப் படிக்கல.

முதல் ஆறு வாரம் ஞாயித்துக்கிழமை ஆனா வாட்ஸப்புல போட்டோ வரும். வெள்ளைச் சுவரு, எபாக்ஸி தரை, துணிக் கவர் போட்டு என் வண்டி. நிம்மதியா இருந்தேன். இப்ப போன வாரம்தான் அந்தப் போட்டோவெல்லாம் பெருசு பண்ணிப் பாத்தேன், பின்னாடி சுவத்துல தேதி கிழிக்கிற காலண்டர் தொங்குது. ஆறு போட்டோலயும் அக்டோபர் 18. ஆறுமே நான் வண்டி விட்ட அன்னிக்கு எடுத்தது.

டிசம்பர் முதல் வாரம் போன் பண்ணி மார்கழிக்கு வண்டி வேணும், எடுக்க வர்றேன்னேன். அப்பச்சிய உக்கார வச்சு விடியக்காலம் பிள்ளையார்பட்டிக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போகணும்னு ரெண்டு வருஷமா நெனப்பு, கண்ணாடிய ஏத்திவிட்டு, கால்ல ஹீட்டர வச்சுக்கிட்டு, மேல மட்டும் தொறந்து போட்டா குளிரே தெரியாது, அவுக மஃப்ளர் கட்டிக்கிட்டா போதும். "ரோட்டுல தண்ணி நிக்குதுண்ணே, லோ வண்டி, அடி தட்டும், பத்து நாள் போகட்டும்." பத்து நாள் கழிச்சு, "பிள்ளையார் நோன்புண்ணே, பசங்க எல்லாம் இழை எடுக்க ஊருக்குப் போயிட்டாங்க." (இழை எடுக்குறது அந்த நோன்போட சடங்கு.) அதுக்கு அப்புறம், "கீ இருக்குற லாக்கர் சாவி பார்ட்னர்கிட்ட." அப்புறம் ப்ளூ டிக் மட்டும்தான். மார்கழியும் போச்சு.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன் சொல்லாம கொள்ளாம நேரா போயிட்டேன். உள்ள ஹால்ல என் வண்டி இல்ல. பின்னாடி, வெளிய, புளியமரத்தடில, நீலத் தார்ப்பாய் போத்தி நாலு மூலைலயும் செங்கல் வச்சுக் கெடக்கு. தார்ப்பாய இழுத்தா கூரை மடங்குன நெலைல இருக்கு. ஆமா, தொறந்தே கெடந்திருக்கு, பேட்டரி செத்ததும் மூட முடியாம மேல தார்ப்பாயப் போட்டு விட்டுட்டானுங்க. அந்த நாத்தம் இன்னும் மூக்குல இருக்கு. சீட்ட அமுக்குனா தண்ணி வருது. கூரைத் துணி மடிப்புல கோடு கோடா வெள்ளைப் பூஞ்சை. இந்த வண்டிக்கு பேட்டரி முன்னாடி டிக்கில, அந்த டிக்கி கரன்ட்டுலதான் தொறக்கும், பேட்டரி செத்தா பியூஸ் பாக்ஸ்ல இருக்குற முனைய வெளிய இழுத்து வெளிக் கரன்ட்டு குடுத்தாதான் ஆச்சு, அதுக்கே அரை நாள். மெயின்டைனர் எங்கடான்னா ஆபீஸ் அலமாரில டப்பா பிரிக்காம இருக்கு.

கரன்ட்டு குடுத்ததும் மீட்டர் எரிஞ்சுச்சு. விட்டப்ப 61,842, என் போன்ல போட்டோ இருக்கு. இப்ப 62,127. இருநூத்தி எண்பத்தஞ்சு கிலோமீட்டர் ஓடிருக்கு. எங்க ஓடுச்சு? மதுரைலேர்ந்து வந்த மெக்கானிக் இடது பக்க ஓட்டைல கம்பிய விட்டு இழுத்தாரு. புளிய இலை ஒரு கை, அதோட சேந்து அழுகிப்போன மல்லிகைச் சரம், பூ கரைஞ்சு நாரு மட்டும் சுருண்டு தக்கை மாதிரி அடைச்சிருக்கு. சீட்டுக்கும் கதவுக்கும் நடுவுல காஞ்ச ரோஜா இதழ், ரோஸ் கலர் ஜிகினாத் தூள். கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் வருசம் பூரா கல்யாண போட்டோ ஷூட் நடக்குறது ஊருக்கே தெரியும். அரண்மனை மாதிரி வீட்டு முன்னாடி நிக்க வைக்க ஒரு கூரையில்லாத வண்டி கெடைச்சா விடுவானா? என் வண்டிய வாடகைக்கு விட்டுருக்கான். பிரைவேட் வண்டி இன்சூரன்ஸ்ல வாடகைக்கு ஓடுனா பாலிசி நிக்காது, அந்த 285 கிலோமீட்டர்ல யாரு மேலயாச்சும் இடிச்சிருந்தா ஓனர்னு என்னைத்தான் இழுத்திருப்பாங்க. நெனச்சாலே வயித்தக் கலக்குது.

கேட்டதுக்கு அவன் சொன்னது: "நிறுத்தியே வச்சா எஞ்சின் கெட்டுரும்ணே, அதான் அப்பப்ப ஓட்டுனோம்." பூ? "ஆயுத பூசைக்கு மாலை போட்டிருப்பாங்கண்ணே." நான் வண்டி விட்டதே ஆயுத பூசை முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு. தண்ணி? "துணி வண்டின்னா எறங்கத்தாண்ணே செய்யும், அதுவும் பழைய வண்டி." கடைசியா அந்தப் பேப்பர எடுத்து நீட்டுனான், ஓனர் ரிஸ்க்னு, அதாவது என்ன ஆனாலும் பொறுப்பு வண்டிக்காரனுக்குத்தான்னு, பொடி எழுத்துல இருக்கு. அண்ணேன்னு கூப்பிடுறத மட்டும் கடைசி வரைக்கும் விடல.

தெரியாத்தனமா பண்ணியிருந்தா எனக்கு இவ்ளோ எரியாது. எந்த ஓட்டைல அடைச்சா என்ன ஆகும்னு எனக்கே செஞ்சு காமிச்சவன். எங்க அப்பச்சி படிச்சது எட்டாவது, ஒவ்வொரு புரட்டாசியும் முத்தத்துத் தூம்புல (வீட்டு நடு முற்றத்துத் தண்ணி வெளிய போற வழி) குச்சிய விட்டுக் குத்தி, ஒரு குடம் தண்ணி ஊத்தி, வாசல் பக்கம் வந்து வடியுதான்னு நின்னு பாப்பாக. நூறு வருஷ வீடு இன்னும் ஒழுகாம நிக்குது.

இன்சூரன்ஸ்ல கேட்டேன், எலக்ட்ரிகல் பழுது, தேய்மானம் எல்லாம் கவர் ஆகாதுன்னுட்டாங்க. ஸ்டேஷன்ல சிவில் மேட்டர்னு அனுப்பிட்டாங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்குப் போன் போட்டு புகார் பதிஞ்சாச்சு, அடுத்து சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல மனு. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், நான் அடுத்த வாரமே போடுறேன்.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப முடியல, மூணு நாலு மட்டும் சொல்றேன். ரெண்டாவது சாவியக் குடுக்காதீங்க, எவன் கேட்டாலும். விடும்போது மீட்டர போட்டோ எடுங்க, வீடியோ கால்ல அன்னிக்குப் பேப்பரோட வண்டியக் காட்டச் சொல்லுங்க, மாசம் ஒரு தடவயாச்சும் சொல்லாமப் போய் நில்லுங்க. கூரைய மூடி, நல்லா காஞ்சப்புறம் வைங்க, பிளாஸ்டிக் தார்ப்பாய் போடவே கூடாது, ஈரத்த உள்ளயே புடிச்சு வச்சிரும், காத்து போற துணிக் கவர்தான். டேங்க ரொப்பி வைங்க, இப்ப வர்ற இ20 பெட்ரோல் (20% எத்தனால் கலந்தது) ஈரத்த இழுக்கும். ஹேண்ட்பிரேக் போடாம கியர்ல விட்டு டயருக்குக் கட்டை குடுங்க.

கார்பெட்டப் பிரிச்சு முத்தத்துல காயப் போட்டிருக்கு, ஆத்தா காலைலேர்ந்து மூணு தடவ திருப்பிப் போட்டாக, இன்னும் அடில ஈரம். இதே மாதிரி காரைக்குடிப் பக்கம் குடோன்ல வண்டி விட்டு ஏமாந்தவங்க, இல்ல கல்யாண ஷூட்டுக்கு அங்கேருந்து வெள்ளி கலர் திறந்த வண்டிய நவம்பர் டிசம்பர்ல வாடகைக்கு எடுத்தவங்க யாராச்சும் இருந்தா மெசேஜ் பண்ணுங்க. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. எவ்ளோ குடுத்தீங்க, எந்தத் தேதின்னு மட்டும் சொன்னா போதும், மனுவோட சேத்துக்குறேன்.