பாலிஸ்: பதில் எழுத இடமில்லாத விவாத மேடை

பொது விவாதம் எதுவானாலும் நாலு பேர் திரும்பத் திரும்பப் பேசுவார்கள். மீதிப் பேர் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பாலிஸ் என்ற இலவசத் திறமூல மென்பொருள் கைவைப்பது இந்த இடத்தில்தான். இதில் பதில் எழுதும் வசதியே கிடையாது. 140 எழுத்துக்குள் ஒரு கருத்தைப் போடலாம். மற்றவர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம். ஒரு வரிகூட எழுதாதவரின் வாக்குக்கும் அதே எடைதான்.

ஒரே மாதிரி வாக்களித்தவர்களை மென்பொருளே குழுக்களாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும். எல்லாக் குழுக்களும் ஏற்ற கருத்துகள் தனியாகத் தெரியும் என்பதால், ஆள்பலத்தை மட்டும் வைத்து யாரும் சிறிய குழுவை அமுக்க முடியாது. இதன் பெரிய பலம் இதுவே. தைவானில் 2014-ல் மாணவர்கள் நாடாளுமன்றத்தை ஆக்கிரமித்த சூரியகாந்திப் போராட்டத்துக்குப் பின் உருவான வி-தைவான் (vTaiwan) என்ற பொதுக் கலந்தாய்வு மேடை, 2015-ல் ஊபர் வாடகைக் கார் சேவையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்ற சிக்கலுக்கு இதைப் பயன்படுத்தியது. ஊபரை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் பயணிகளுக்குக் காப்பீடு வேண்டும் என்பதில் ஒன்றுபட்டார்கள்.

நடத்துபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் தொடக்கத்தில்தான். முதலில் பத்துப் பதினைந்து கருத்துகளை நாமே இட வேண்டும். அவை ஒரே தரப்பின் குரலாக இருந்தால் எதிர்த்தரப்பு உடனே வெளியேறிவிடும். ஒரு கருத்தில் ஒரே விஷயம் இருக்கட்டும். ‘வரியைக் குறைத்து மானியத்தையும் நிறுத்த வேண்டும்’ என்று எழுதினால், விழுகிற வாக்கு எதற்கு என்றே புரியாது. புதிதாக வரும் கருத்துகளை அன்றன்றே அனுமதியுங்கள். தாமதித்தால் முதலில் வந்தவர்கள் கண்ணில் அவை படவே படாது. அதனால் நடுவில் ஒருமுறை எல்லோருக்கும் இணைப்பை மறுபடி அனுப்புவது அவசியம். ஏழு வாக்குகூடப் போடாதவர் பொதுவாக வரைபடத்தில் சேர்வதில்லை என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இணைப்பு யார் கைக்குப் போகிறது என்பதை மட்டும் எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. வரைபடம் காட்டுவது வந்தவர்களை மட்டுமே, ஊரை அல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ஒருவர் நேரில் போய்க் கருத்துகளை வாசித்துக் காட்டி வாக்கெடுக்கலாம். ஆனால் ஒரே போனில் தொடர்ந்து எடுத்தால் அத்தனை பேரும் ஒரே ஆளாகப் பதிவாவார்கள். ஆளுக்கொரு முறை உலாவியின் மறைநிலைச் சாளரத்தை (incognito) மூடித் திறக்க வேண்டும். இதே ஓட்டை வழியாக ஒருவரே பல வாக்குப் போடவும் முடியும். ஆகவே இறுதி முடிவெடுக்கும் தேர்தலுக்கு இது உதவாது. இருபது பேர் மட்டுமே உள்ள கூட்டத்துக்கும் தேவையில்லை. அங்கே வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தாலே போதும்.