மதுரை திருநகர் சனி, ஞாயிறு கிராமர் வகுப்பு: பிரெடிகேட் ஒருவழியாகப் புரிந்தது

மகள் நாலாம் வகுப்பு. ஜூலை மாதம் வைத்த இங்கிலீஷ் டெஸ்டில் பிரெடிகேட்டை, அதாவது எழுவாய் போக வாக்கியத்தில் மிச்சம் இருக்கிற பகுதியை, அடிக்கோடிடச் சொல்லி ஐந்து வாக்கியம், 5 மார்க். வந்தது ஒன்று. பேப்பரை வாங்கிப் பார்த்தால் ஒவ்வொரு வாக்கியத்திலும் கடைசி வார்த்தைக்குக் கீழே ஸ்கேல் வைத்து அழகாகக் கோடு போட்டிருக்கிறாள். ‘மை மதர் பாட் ஜாஸ்மின் இன் தி மார்க்கெட்’ என்பதில் ‘மார்க்கெட்’டுக்குக் கோடு. அந்த ஒரு மார்க்கும் ‘பேர்ட்ஸ் ஃப்ளை’ என்ற இரண்டு வார்த்தை வாக்கியத்துக்குக் கிடைத்தது.

ஏன் இப்படிப் போட்டாய் என்று கேட்டேன். “பயனிலை கடைசிலதானம்மா வரும், தமிழ் மிஸ் சொன்னாங்க” என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. ‘அம்மா சந்தையில் மல்லிகை வாங்கினார்’ என்றால் பயனிலை ‘வாங்கினார்’, அது கடைசியில்தான் நிற்கிறது. இங்கிலீஷ் மிஸ் பிரெடிகேட் என்றால் பயனிலை என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், பிள்ளை தனக்குத் தெரிந்த பயனிலையைத் தேடிக் கடைசிக்குப் போயிருக்கிறாள். யோசித்துச் செய்த தப்பு. அதைத் திருத்த ஆள் தேடித்தான் இரண்டு மாதம் அலைந்தேன்.

முதலில் சேர்த்தது ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர், பெயர் வேண்டாம். இரண்டு மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, பிரெடிகேட்டுக்கான விளக்கத்தை இருபது தடவை எழுதி வரச் சொன்னார்கள். எழுதினாள், மனப்பாடமும் ஆனது, கோடு மட்டும் அதே கடைசி வார்த்தையில். நிறுத்திவிட்டேன், மீதிப் பணம் திரும்பவில்லை.

அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் திருநகரில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் வீட்டில் நடக்கும் வகுப்பு தெரியவந்தது. போர்டு கிடையாது, விளம்பரமும் கிடையாது. சனி, ஞாயிறு காலை 10 மணியிலிருந்து பதினொன்றரை வரை, மாதம் 600 ரூபாய், மூன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை. மூன்று மாதமாக அனுப்புகிறேன், அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் நானும் வாசல் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். டீச்சர் இங்கிலீஷையே தொடவில்லை. ‘அம்மா சந்தையில் மல்லிகை வாங்கினார்’ மாதிரி நாலு தமிழ் வாக்கியம் போர்டில் எழுதி, எழுவாய் எது, பயனிலை எது, செயப்படுபொருள் எது என்று கேட்டார். பிள்ளைகள் கத்திக் கத்திச் சொன்னார்கள். அதற்குப் பிறகு சொன்னார்: தமிழில் பயனிலை என்றால் வாக்கியத்தை முடித்து வைக்கும் ஒரு சொல், மல்லிகைக்கும் சந்தைக்கும் தனித்தனி இடம் உண்டு, இங்கிலீஷில் சப்ஜெக்டை, அதாவது எழுவாயை, எடுத்துவிட்டால் மிச்சம் இருக்கிற மொத்தமும் பிரெடிகேட், வாங்கியதும் அதில், மல்லிகையும் அதில், சந்தையும் அதில். அதற்குள் இருக்கிற வெர்பை மட்டும் கேட்டால் அது சிம்பிள் பிரெடிகேட், மொத்தத்தையும் கேட்டால் கம்ப்ளீட் பிரெடிகேட். என் மகள் அப்போது திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டு மாதமாக யாரும் அவளுக்குச் சொல்லாத விஷயம் இது ஒன்றுதான்.

அடுத்தது கத்தரிக்கோல். பழைய தினசரி காலண்டர் அட்டைகளை நீளநீளமாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியத்தை ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார். பிள்ளை அந்த அட்டையைச் சப்ஜெக்ட் முடிந்து பிரெடிகேட் ஆரம்பிக்கும் இடத்தில் வெட்ட வேண்டும், ஒரே ஒரு வெட்டு. என் மகளுக்கு வந்த அட்டை ‘தி ஓல்ட் மேன் நியர் தி டெம்பிள் கேட் செல்ஸ் ஜாஸ்மின்’. ‘மேன்’ தாண்டியதும் கத்தரியை வைத்துவிட்டாள். டீச்சர் தடுக்கவில்லை, “வெட்டு தாயி” என்றார். வெட்டினாள். ‘தி ஓல்ட் மேன்’ துண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘ஹி’ என்று எழுதிய சின்ன அட்டையை வைத்து, “இப்ப வாசி” என்றார். ‘ஹி நியர் தி டெம்பிள் கேட் செல்ஸ் ஜாஸ்மின்’. வாசிக்கும்போதே இழுத்தாள், ஏதோ இடிக்கிறது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. அட்டையைத் திரும்ப ஒட்டி ‘கேட்’டுக்குப் பிறகு வெட்டினாள், ‘ஹி செல்ஸ் ஜாஸ்மின்’, சரியாக உட்கார்ந்தது. கோயில் வாசல் பக்கம் என்பது எந்தக் கிழவர் என்று அடையாளம் சொல்கிறது, அதனால் அது கிழவரோடு போகும், விற்பதோடு போகாது. இதைப் போர்டில் எழுதிப் போட்டிருந்தால் அவளுக்கு ஏறியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

ஹி, ஷி, இட், தே என்று நாலு சின்ன அட்டை, அதுதான் மொத்தச் சோதனையும். எந்த வார்த்தை வரை எடுத்துவிட்டு இதில் ஒன்றை வைத்தால் வாக்கியம் இடிக்காமல் ஓடுகிறதோ அதுவரை சப்ஜெக்ட், மிச்சம் பிரெடிகேட். வீட்டிலும் இதையே செய்கிறோம்.

‘ஓப்பன் தி டோர்’ மாதிரி கட்டளை வந்தால் பிள்ளைகள் முழிப்பார்கள், வெட்ட இடமே இருக்காது. அதற்கு ‘வந்தேன்’ என்று தமிழில் ஒரு சொல் எழுதி, இதில் எழுவாய் எங்கே என்று கேட்கிறார். நான் என்று எழுதாமலே அது உள்ளே இருக்கிறது, அதே மாதிரி இங்கே ‘யூ’ மறைந்திருக்கிறது என்று சொல்லி, அட்டைக்கு முன்னால் பென்சிலில் ‘யூ’ எழுத வைக்கிறார். முழு அட்டையும் பிரெடிகேட். ‘ஆன் சண்டே வீ வென்ட் டு தெப்பக்குளம்’ என்று வந்தால் அட்டை மூன்றாகும், நடுவில் இருக்கிற ‘வீ’யை உருவிவிட்டு முன்துண்டையும் பின்துண்டையும் துணி கிளிப் போட்டுச் சேர்த்து மாட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் போனதைப் பற்றித்தானே சொல்கிறது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கே வரும் இன்னொரு சிக்கலையும் விடவில்லை. ‘என் தங்கை மாணவி’ என்பது தமிழில் முழு வாக்கியம். பெயர்ச்சொல்லே பயனிலையாக வரலாம் என்று நன்னூலே சொல்கிறது, பெயர்ப் பயனிலை. அந்தப் பழக்கத்தில்தான் பிள்ளைகள் ‘மை சிஸ்டர் எ ஸ்டூடண்ட்’ என்று எழுதி ‘இஸ்’ஸை விழுங்கிவிடுகிறார்கள். வெர்ப் இல்லாமல் இங்கிலீஷில் பிரெடிகேட் நிற்காது என்று டீச்சர் சொல்லிக்கொடுத்த பிறகு என் மகளின் நோட்டில் இந்தத் தப்பு நன்றாகக் குறைந்துவிட்டது. பிரெடிகேட் படிப்பதால் 5 மார்க்கைத் தவிர என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

குறைகளும் உண்டு. பதினாறு பிள்ளைகள், ஒரே முன்னறை, ஒரே ஃபேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் ஒன்றாக உட்காருவதால் பெரியவர்கள் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனி அட்டை வேண்டும். வீட்டுக்குக் கொடுக்கும் ஜெராக்ஸ் தாள் மங்கல், சில வாக்கியங்களில் கடைசி எழுத்தே விழவில்லை. கேள்வி வாக்கியத்தை டீச்சர் எடுப்பதில்லை, அது அடுத்த வகுப்புக்குப் போதும் என்கிறார். ஆனால் செப்டம்பர் காலாண்டுப் பரீட்சையில் ‘இஸ் ராமு பிளேயிங் கிரிக்கெட்’ வந்தது, பிள்ளை திணறிவிட்டாள். ‘ராமு இஸ் பிளேயிங் கிரிக்கெட்’ என்று மாற்றி வைத்துவிட்டு வெட்டினால் முடிந்தது, அரை மணி நேர வேலை. இதை டீச்சரிடமே சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம் என்றார்.

நாங்கள் பழங்காநத்தத்திலிருந்து பஸ்ஸில் போகிறோம். முகூர்த்த நாள் என்றால் திருப்பரங்குன்றத்தில் கல்யாணக் கூட்டம் ரோட்டை அடைத்துவிடும், அரை மணி நேரம் முன்னாலேயே கிளம்பிவிடுங்கள்.

வாரம் பத்து வாக்கியம் வெளியிலிருந்து பிடித்து வர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப் போகிறேன், குழந்தைகள் பிரிவில் படக்கதைப் புத்தகம் எடுத்து உட்கார்ந்தால் பத்து என்ன, இருபதே கிடைக்கும். போன தடவை அவள் எழுதி எடுத்த ஒரு வாக்கியத்தில் சப்ஜெக்ட் மட்டும் ஏழு வார்த்தை. விரலை ஒவ்வொரு வார்த்தையாக நகர்த்தி, வாய்க்குள்ளேயே ‘இட்’ போட்டுப் பார்த்து, ஏழாவது வார்த்தையில் நிறுத்திப் பென்சிலால் கோடு கிழித்தாள். நான் எதுவும் சொல்லவில்லை.

காலாண்டில் பிரெடிகேட் பகுதிக்கு 5-க்கு 4. போனது அந்தக் கேள்வி வாக்கியத்துக்கு.

சேர்க்கிறவர்கள் பிள்ளையிடம் முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று கொடுத்து அனுப்புங்கள். பதினாறு பேருக்கு அங்கே ஆறுதான் இருக்கிறது.