காக்ரேன் நூலகம்: எதை முதலில் பார்ப்பது

சிகிச்சைகள் பற்றிய சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு காக்ரேன். 1993-இல் தொடங்கிய இந்த அமைப்பின் இணைய நூலகத்தில் ஆய்வுச் சுருக்கங்களும் எளிய மொழிச் சுருக்கங்களும் இலவசம். சிலவற்றுக்குத் தமிழாக்கமும் உண்டு, நடை கொஞ்சம் முரடுதான்.

மருந்தின் வணிகப் பெயரை விட்டுவிட்டு மூலப் பெயரை (உள்ளிருக்கும் மருந்துப்பொருளின் பெயரை)ப் போட்டுத் தேடுங்கள். ஆய்வைத் திறந்ததும் நேரே முடிவுகளின் அட்டவணைக்குப் போங்கள். ‘ஆயிரம் பேரில் எத்தனை பேர்’ என்ற கணக்கு அங்கேதான் இருக்கிறது. ‘ஆபத்து பாதியாகக் குறைந்தது’ என்பது ஆயிரத்தில் இரண்டு ஒன்றானதாகவும் இருக்கலாம், இருநூறு நூறானதாகவும் இருக்கலாம். பக்கத்திலேயே சான்றின் உறுதி நான்கு படிகளில் தரப்பட்டிருக்கும். ‘மிகக் குறைவு’ என்றிருந்தால் அந்த எண்ணை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஃப்ளூ மருந்தான ஓசெல்டாமிவிர் பற்றிய 2014 ஆய்வு நல்ல பாடம். பெரியவர்களுக்கு ஃப்ளூ அறிகுறிகள் தணியும் காலம் 7 நாளிலிருந்து 6.3 ஆனது. அதே வேளை, தடுப்புக்காக அல்லாமல் சிகிச்சையாக எடுத்தவர்களில், சுமார் 22 பேருக்கு ஒருவர் கூடுதலாக வாந்தி எடுத்தார். முக்கால் நாளுக்கு இது தகுமா என்பது நோயாளியைப் பொறுத்தது.

குறைகளும் உண்டு. சோதனைகள் பெரும்பாலும் குறுகியவை என்பதால் அரிய, தாமதமான பக்கவிளைவுகள் தப்பிவிடும். கடைசியாகத் தரவு தேடிய தேதியைப் பார்க்க மறக்காதீர்கள். பழைய ஆய்வுகள் பல புதுப்பிக்கப்படாமலே கிடக்கின்றன.