புதுப்பிக்கப்பட்ட ஊழியர் ஓய்வறை: இருக்கை வசதி நன்று, மறைவு போதவில்லை

சிங்கப்பூரின் கிழக்கு வட்டாரக் கடைத்தொகுதி ஒன்றில், ஆடைகளும் வீட்டுப் பொருள்களும் விற்கும் பெரிய கடையில் நான் விற்பனையாளராக இருக்கிறேன். அண்மையில் எங்கள் ஊழியர் ஓய்வறையை நிர்வாகம் முழுமையாகப் புதுப்பித்தது. வாடிக்கையாளர் காலடி படாத அறை என்பதால் இத்தகைய இடங்களைப் பற்றி எவரும் மதிப்பீடு எழுதுவதில்லை. ஆனால் காலை பத்து மணிக்குத் திறந்து இரவு பத்து மணிக்கு மூடும் கடையில், நின்றபடியே வேலை பார்ப்பவர்களுக்கு உட்காரக் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். சில்லறை வணிகத்தில் வேலை தேடுவோர் சம்பளம், விடுப்பு ஆகியவற்றோடு ஓய்வறையைப் பற்றியும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பழைய அறையில் முதுகுச் சாய்வில்லாத பிளாஸ்டிக் முக்காலிகளே இருந்தன. அவையும் போதாமல், பலர் தீயணைப்புப் படிக்கட்டில் அட்டைப்பெட்டியை விரித்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவசரத்தில் மக்கள் வெளியேற வேண்டிய வழியை அடைத்துக்கொண்டு உட்காருவது ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தும் வேறு இடம் இருக்கவில்லை. இப்போது சாய்வுள்ள நாற்காலிகள் வந்திருக்கின்றன. சுவரோரம் ஒரு நீண்ட இருக்கை போட்டு, அதன் எதிரே கால் நீட்டி வைத்துக்கொள்ளத் தாழ்வான பலகையும் அமைத்திருக்கிறார்கள். காலணியைக் கழற்றிவிட்டுக் கால்களைச் சற்று உயர்த்தி வைத்தால் கெண்டைக்கால் வலி எவ்வளவு தணியும் என்பதைப் பண்டிகைக்கால விற்பனையில் நின்றவர்கள் அறிவார்கள். எங்களில் நரம்புச் சுருட்டு உள்ள அக்காமார்கள் அந்தப் பலகையைத்தான் முதலில் தேடிப் போகிறார்கள். இந்த ஒரு பலகைக்காகவே வடிவமைத்தவரைப் பாராட்டலாம். குளிரூட்டியின் காற்று மட்டும் நீண்ட இருக்கையின் மேல் நேராக அடிக்கிறது. குளிரைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கு வழியில்லை.

உணவு ஏற்பாடும் மனநிறைவு தருகிறது. இரண்டு மைக்ரோவேவ் அடுப்புகளில் ஒன்று ஹலால் உணவுக்கு மட்டும் என்று பச்சை ஒட்டுத்தாள் ஒட்டி ஒதுக்கப்பட்டுள்ளது. குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டு சைவ உணவுக்கு உரியது. விடியுமுன் ஜோகூர் கடற்பாலத்தைக் கடந்து வருகிற மலேசியத் தோழி வீட்டிலிருந்து கொண்டுவரும் தயிர்சாதமும், பக்கத்துப் பிரிவு மாக்சிக்கின் (மூத்த மலாய்ப் பெண்மணியின்) நாசி லெமாக் எனும் தேங்காய்ப்பால் சோறும் ஒரே மேசையில் திறக்கப்படுகின்றன; யாருக்கும் மனச்சங்கடம் இல்லை. நோன்பு மாதத்தில் முஸ்லிம் ஊழியர்கள் நோன்பு துறக்கும் நேரத்துக்கு ஏற்ப இடைவேளை முறையை மாற்றிக்கொடுத்த மேற்பார்வையாளருக்கும் இதில் பங்குண்டு.

இனி மறைவுக்கு வருகிறேன். அறையின் கூரை மூலையில் ஒரு கண்காணிப்புக் கேமரா பொருத்தப்பட்டிருக்கிறது. முன்பு ஊழியர்களின் கைப்பேசிகளும் பணப்பைகளும் காணாமல் போனதால் லாக்கர்களைப் பார்க்கவே அதை வைத்ததாகச் சொன்னார்கள். அந்தக் காரணம் நியாயமானதுதான். ஆனால் அது பொருத்தப்பட்டுள்ள கோணத்தில் லாக்கர்களோடு சாப்பாட்டு மேசை முழுவதும் படத்தில் விழுகிறது. சாப்பிடுவதும், தலை சாய்த்துக் கண் மூடுவதும், வீட்டில் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையோடு கைப்பேசியில் பேசுவதும் பதிவாகின்றன. எங்களில் ஒருவரை அழைத்து, “நேற்று ஏன் நாலு நிமிஷம் கூடுதலா உக்காந்திருந்தீங்க?” என்று மேற்பார்வையாளர் கேட்ட பிறகுதான், திருட்டுக்காக வைத்த கேமரா இடைவேளையை அளக்கவும் பயன்படுகிறது என்பது எங்களுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து அந்த மேசையில் பேச்சு குறைந்துவிட்டது. சிலர் மறுபடியும் படிக்கட்டுக்கே போய்விட்டார்கள். பார்வைக்கு உட்பட்டு உட்கார்ந்திருப்பவரின் உடம்பு ஓய்ந்தாலும் மனம் வேலையிலேயே இருக்கிறது. பணம் செலவழித்துப் போட்ட நல்ல நாற்காலிகள் காலியாகக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

2012ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கண்காணிப்புக் கேமராவைத் தடை செய்யவில்லை. வேலை தொடர்பான நிர்வாகத்துக்காக, ஊழியரின் ஒப்புதல் இல்லாமலும் நிறுவனம் தகவல் திரட்ட இடமுண்டு. ஆனால் எந்த நோக்கத்துக்காக என்பதை ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். கேமரா இயங்குவதையும் அதன் நோக்கத்தையும் அறிவிப்புப் பலகை வழி தெரியப்படுத்துவதே முறை. கடையின் வாசலில் வாடிக்கையாளருக்காக அந்தப் பலகை இருக்கிறது. ஓய்வறைக் கதவில் இல்லை. தம்மைப் பற்றிய பதிவைப் பார்க்கக் கேட்கும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு என்பது எங்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

உடை மாற்றும் இடம் இன்னும் கவலை தருகிறது. சீருடையைக் கடையில்தான் மாற்ற வேண்டும் என்பது விதி. அதற்கென்று அறையின் ஒரு மூலையில் வளைவுக் கம்பியில் திரை மட்டும் தொங்குகிறது. திரை சுவரைத் தொடாமல் ஒரு கை அகலம் விலகி நிற்பதால், ஒரு கையால் அதைச் சுவரோடு பிடித்துக்கொண்டு மறுகையால் பொத்தான் போட வேண்டியிருக்கிறது. ஆண்களும் பெண்களும் நடமாடும் அறை அது. கதவில் கண்ணாடிச் சட்டம் வேறு. பெண்கள் பலர் கடைத்தொகுதியின் கழிவறைக்குப் போய் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். மறைவான இடத்தில் பிறர் அறியாமல் பார்ப்பதையும் படமெடுப்பதையும் தனிக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவு 2020 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது. குற்றம் நடந்த பிறகு தண்டிக்கச் சட்டம் உண்டு. நடக்காமல் தடுக்க ஒரு தாழ்ப்பாள் போதும். கைக்குழந்தையை வீட்டில் விட்டு வேலைக்குத் திரும்பிய தோழி, தாய்ப்பால் எடுப்பதற்கு மேல்மாடியில் வாடிக்கையாளருக்கான தாய்ப்பாலூட்டும் அறை வாசலில் வரிசையில் நிற்கிறார். அதற்குள் அவருடைய இடைவேளை பாதி கழிந்துவிடுகிறது.

ஓய்வறைக்குள் இருக்கும் ஊழியர் அறிவிப்புப் பலகையையும் சொல்ல வேண்டும். அதில் ஒவ்வொருவரின் விற்பனை இலக்கும், அருகில் அந்த மாதம் எடுத்த மருத்துவ விடுப்பும் பெயரோடு ஒட்டப்பட்டிருந்தன. யார் எத்தனை நாள் நோயுற்றிருந்தார் என்பது சக ஊழியர் சாப்பிடும்போது படிக்க வேண்டிய செய்தி அன்று. வெளியேறும்போது நடக்கும் பைச் சோதனை வேறு வகை. கடைக்குள் கொண்டுபோக எல்லாருக்கும் ஒளிபுகும் பை தருகிறார்கள். திருட்டைத் தடுக்க அது தேவை என்பதை ஏற்கிறேன். ஆனால் மாதவிடாய் நாள்களில் அணையாடையை அதில் வைத்துக்கொண்டு ஆண் ஊழியர்கள் நடுவே நடப்பது இளம்பெண்களுக்கு எவ்வளவு கூச்சம் என்பதைச் சொன்ன பிறகு, உள்ளங்கை அளவுத் துணிப்பை ஒன்றை உள்ளே வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். கேட்டதும் செய்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இடைவேளையின் நீளம் குறித்தும் ஒரு வார்த்தை. வேலை நியமனச் சட்டத்தின் நான்காம் பாகம், பொதுவாக ஆறு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது என்கிறது. வேலையின் தன்மையால் எட்டு மணி நேரம் வரை தொடர வேண்டியிருந்தால், உணவுக்கு 45 நிமிடங்களுக்குக் குறையாத இடைவேளை தர வேண்டும். ஆனால் உடலுழைப்புத் தொழிலாளர் அல்லாதோரில், மாத அடிப்படைச் சம்பளம் 2,600 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேற்படாதவர்களுக்கே அந்தப் பாகம் பொருந்தும். 2022 செப்டம்பரில் சில்லறை வணிகத்துக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறை வந்த பிறகு ஊதியம் ஏறி வருவது மகிழ்ச்சியே. அந்த வரம்பைத் தாண்டும் மூத்த ஊழியர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் இடைவேளை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு வசதியும் எங்களுக்குத்தான். குத்தகை நிறுவனத்தின் வழி வரும் துப்புரவு ஊழியர்களுக்கு இந்த அறையின் நுழைவட்டை தரப்படவில்லை. அவர்கள் இன்னமும் சாமான் அறையில், துடைப்பங்களுக்கு இடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். குத்தகை ஊழியர்களுக்கு முறையான ஓய்விடம் ஒதுக்கும்படி அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்புப் பங்காளிகள் ஆலோசனைக் குறிப்பே வெளியிட்டிருக்கும்போது, பாதி நேரம் காலியாக இருக்கும் அறையின் கதவை ஓர் அட்டைக்காக மூடி வைப்பது என் மனத்தை மிகவும் வருத்துகிறது. அவர்களில் பெரும்பாலோர் எங்கள் தாய்மாரின் வயதுடையவர்கள்.

கேமராவை லாக்கர் பக்கம் மட்டும் திருப்புவது, தாழ்ப்பாளுடன் ஒரு சிறு உடைமாற்று அறை கட்டுவது, விடுப்புப் பட்டியலை அகற்றுவது, துப்புரவு ஊழியர்களுக்கு நுழைவட்டை தருவது ஆகியவற்றை ஊழியர்கள் சேர்ந்து எழுத்து வடிவில் மேலாளரிடம் கொடுத்திருக்கிறோம். பட்டியல் அகற்றப்பட்டுவிட்டது. கேமராவைத் திருப்ப ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மற்ற இரண்டுக்கும் தலைமை அலுவலகத்தின் பதில் வரவில்லை. இருக்கைக்கும் உணவு ஏற்பாட்டுக்கும் ஐந்தில் நான்கு மதிப்பெண் தருகிறேன். மறைவுக்கு இப்போதைக்கு ஒன்றுதான். தாழ்ப்பாள் வந்ததும் திருத்தி எழுதுவேன்.