ஸ்டுடியோவில் ஒரு பழைய அரசு லேப்டாப்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் பீரோ மேலே கிடக்கின்றன. ஆன் செய்தால் ஓடும். ஆனால் எதைத் திறந்தாலும் காத்துக் கிடக்க வேண்டும் என்பதால் யாரும் தொடுவதில்லை. என் தங்கை பிளஸ் டூ படிக்கும்போது வாங்கியதும் அப்படித்தான் கிடந்தது. மதுரை வில்லாபுரத்தில் நான் நடத்தும் சின்ன ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அது வந்து பல வருடமாகிறது. இன்றைக்கு அது இல்லையென்றால் என் வேலையில் பாதி நின்றுவிடும். அதே மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு, எடைக்குப் போட்டுவிடலாமா என்று யோசிக்கும் இசைக்காரர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அதற்கு என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். வரும்போது 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். ரேமை 8 ஜிபி ஆக்கினேன், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். பழைய டிடிஆர்3 ரேம் எனக்கு செகண்ட் ஹேண்டில் மலிவாகவே கிடைத்தது. பிராசஸர் மேலே காய்ந்து போயிருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவி, ஃபேனில் அடைந்திருந்த தூசியை ஊதி எடுத்தாயிற்று. போர்டில் இருக்கும் சிஆர்2032 செல்லையும் மாற்றிவிடுங்கள். அது செத்திருந்தால் ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போய், பதிவு செய்த ஃபைல்கள் எல்லாம் ஏதோ ஒரு பழைய வருடத்தைக் காட்டும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரில் முடிந்தது. விண்டோஸ் 11 இந்த வயது பிராசஸரை ஏற்பதில்லை. அதனால் லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. மேலே ஆடாசிட்டி, ஆர்டர் (Ardour) என்ற ஒலிப்பதிவு மென்பொருள்கள் இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன. வைஃபை எப்போதும் அணைத்தே இருக்கும்.

இதைக் கொண்டு மிக்ஸிங் செய்ய முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நாலைந்து டிராக், ரெண்டு மூணு எஃபெக்ட் வரை தாங்கும், அதற்கு மேல் திணறும். அந்த வேலைக்குப் பெரிய கம்ப்யூட்டர் இருக்கிறது. பழைய லேப்டாப்பை இன்னொரு கம்ப்யூட்டராக நினைத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் கருவியாக வைத்துக்கொண்டால் அது அசராமல் உழைக்கும். எனக்கு அது உழைத்ததில் பெரும்பங்கு கேசட்டில்.

80களிலும் 90களிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் கோயில் திருவிழாவுக்கு நாடகம் போட்டால், யாராவது ஒருவர் மேடை ஓரமாக டேப் ரெக்கார்டரை வைத்து விடிய விடியப் பதிவு செய்வார். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் தர்க்கம், பபூன் காமிக், ஆர்மோனியக்காரரின் பின்பாட்டு எல்லாம் அந்தக் கேசட்டுகளில் இருக்கின்றன. பாடியவர்களில் பலர் இன்று இல்லை. கடையில் விற்ற கேசட் இல்லை என்பதால் வேறு பிரதியும் கிடையாது. வீட்டில் இருக்கும் அந்த ஒன்று போனால் போனதுதான். இந்த வேலையை நான் மனதாரச் செய்கிறேன், காசு வராத மாதத்திலும் செய்கிறேன்.

90 நிமிடக் கேசட்டைக் கணினியில் ஏற்ற 90 நிமிடம் ஆகும், என்னிடம் இருக்கும் டெக்கில் அதைக் குறைக்க வழியில்லை. பெரிய கம்ப்யூட்டரை அதில் கட்டிப்போட்டால் அன்றைய ரெக்கார்டிங் நின்றுவிடும். இங்கேதான் அரசு லேப்டாப் வருகிறது. மூலையில் ஒரு டேப் டெக், திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கியது. அதிலிருந்து ரெண்டு சேனல் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் (வெளிச் சத்தத்தைக் கணினிக்குள் எடுக்கும் பெட்டி), அப்புறம் லேப்டாப். லேப்டாப்பின் சொந்த மைக் ஓட்டையில் டெக்கைச் செருகாதீர்கள். பெரும்பாலான லேப்டாப்புகளில் அது மோனோ, மைக்குக்கான சின்ன வோல்டேஜும் அதில் வரும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்று வைத்தால் ஒரு 90 நிமிடக் கேசட் ஒன்றரை ஜிபி பிடிக்கும். யூஎஸ்பி 2க்கு இது ஒரு சுமையே இல்லை.

ஒத்தக்கடைப் பக்கம் இருந்து ஒருவர் ஒரு கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். "அண்ணே, எங்க அய்யா பபூன் வேஷம் கட்டுனவரு. அவரு குரல் இதுல மட்டுந்தான் இருக்கு." திறந்து பார்த்தால் உள்ளே டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் ஃபெல்ட் துண்டு உதிர்ந்திருந்தது. அது இல்லையென்றால் சத்தம் மங்கிப்போகும். சுருளை எடுத்து, திருகு போட்ட வேறொரு காலிக் கேசட் கூட்டுக்குள் மாற்றினேன். டெக்கின் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு, ஹெட்டின் சாய்வை மாற்றுவது. இரண்டு சேனலையும் மோனோவாக்கிக் கேட்டுக்கொண்டே, ஜால்ரா சத்தம் எங்கே பளிச்சென்று வருகிறதோ அங்கே அதை நிறுத்த வேண்டும். பதிவு செய்த டேப் ரெக்கார்டரின் ஹெட் எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படியே நம் ஹெட்டும் சாய வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைச் செய்கிறேன்.

ஓடவிட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. "இது அய்யா குரல் மாதிரி இல்லையேண்ணே." குரல் மெலிந்து கீச்சென்று வந்தது. காரணம் பேட்டரி. கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. ஓட வேண்டும். பதிவு செய்த இரவில் பேட்டரி இறங்கிக்கொண்டே வந்தால் டேப் மெதுவாக ஓடியிருக்கும், அதைச் சரியான வேகத்தில் இப்போது போட்டால் சுருதி ஏறித்தான் கேட்கும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆர்மோனியத்தைப் பிடித்துக்கொண்டேன். பாடுகிறவர் குரல் ஏறும், இறங்கும், ஆர்மோனிய ரீடு ஒரு ராத்திரிக்குள் மாறாது. முதல் பக்கத்தின் ஆரம்பத்தில் ஐந்து கட்டையாக இருந்த ஆர்மோனியம் பக்கம் முடியும்போது ஐந்தரையில் நின்றது. அரைக் கட்டை என்றால் வேகத்தில் ஏறத்தாழ 6 சதவீதம். ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும். சுருதியை மட்டும் இறக்கினால் தாளம் தப்பாகவே நிற்கும். துண்டு துண்டாகப் பிரித்து, பின்னால் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒரு காமிக் வசனத்துக்கு நடுவே பபூன் சிரித்தார். "அய்யாதாண்ணே" என்றார் அவர். அதற்குப் பிறகு ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

ஆரம்பத்தில் டெக்கிலிருந்து வரும் சத்தத்தில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் ஒன்று கலந்து வந்துகொண்டே இருந்தது. டெக் ஒரு பிளக்கில், லேப்டாப் எர்த் உள்ள மூன்று பின் பிளக்கில் இருந்ததால் எர்த் வழியாக உண்டான மின்சுற்றின் சத்தம் அது. லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டியதும் உறுமல் நின்றது. டெஸ்க்டாப்பில் இதைச் செய்யவே முடியாது. திடீர் மின்வெட்டிலும் டெக் நிற்கும், அதுவரை பதிவானது பத்திரமாக இருக்கும். லேப்டாப்போடு வந்த பேட்டரி ஒரு கட்டத்தில் உப்பிவிட்டது. உப்பிய பேட்டரியை ஒரு நாள்கூட உள்ளே வைக்காதீர்கள், குத்திப் பார்க்கவும் வேண்டாம். கழற்றி மின்கழிவில் கொடுத்துவிட்டுப் புதிது போட்டேன். கழற்றி மாட்டும் பேட்டரி உள்ள அந்தக் காலத்து லேப்டாப்புகளின் பெரிய வசதி இது.

கேசட் இல்லாத நாளில் அது பாடகர் கேபினுக்குள் போய்விடும். சித்திரை நெருங்கினால் அழகர் வர்ணிப்புப் பாடுகிறவர்கள் வருவார்கள். வர்ணிப்பு பக்கம் பக்கமாகப் போகும். தாளைப் புரட்டும் சரசரப்பு கண்டன்சர் மைக்கில் அப்படியே விழும், அதனால் வரிகளைத் திரையில் போட்டுக் கொடுக்கிறேன். "தம்பி, எழுத்து இன்னுங் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்ப்பா" என்பார்கள், உடனே பெரிதாக்கலாம். ஃபேன் சத்தம்தான் இதில் சவால். பிராசஸரை அதன் குறைந்தபட்ச வேகமான 800 மெகாஹெர்ட்ஸிலேயே நிற்கும்படி லினக்ஸில் கட்டிவிட்டேன். எழுத்தை மட்டும் காட்டுவதற்கு அது தாராளம். ஃபேன் சுற்றுவது நின்றுவிடுகிறது. ஆனால் அக்னி நட்சத்திர வெயிலில், ஏசியையும் அணைத்துவிட்டுப் பதிவு செய்யும்போது, சில நேரம் சுற்றத்தான் செய்யும். அப்போது பாடகருக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்தே ஓய்வு.

பறையையும் நாதசுரத்தையும் என் சின்ன அறையில் பதிவு செய்வதில்லை. சுவர்கள் அந்தச் சத்தத்தைத் தாங்காது. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்த பிறகு பறை பதிவு செய்ய வேண்டுமென்று இளைஞர்கள் ஆசையோடு வருகிறார்கள். அவர்களோடு ஏதாவது தோப்புக்குப் போய்விடுவோம். தீ மூட்டித் தோலைக் காய்ச்சும் இடத்தில் புகையும் புழுதியும் பறக்கும். பெரிய கம்ப்யூட்டரை அங்கே தூக்கிப் போக மனம் வராது, இதைக் கவலையில்லாமல் கொண்டு போகிறேன். நாலு மைக், நாலு டிராக், ஒரு மணி நேரத்துக்கு சுமார் 2 ஜிபி. பஃபரை, அதாவது வரும் ஒலியைக் கணினி இடையில் தேக்கி வைக்கும் அளவை, 1024 சாம்பிளில் வைத்துவிடுவேன். 48 கிலோஹெர்ட்ஸில் அது 21 மில்லி நொடித் தாமதம். பதிவாவதற்கு அதனால் பாதிப்பே கிடையாது. யாராவது ஹெட்போனில் தன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வாசித்தால் மட்டும் உறுத்தும். அதற்கு இன்டர்ஃபேஸிலேயே இருக்கும் நேரடி மானிட்டர் வசதியைப் போட்டால் போதும். அடி விழுகிற உச்சத்தில்கூட மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல் கெய்னை (மைக் சத்தத்தின் அளவை) வையுங்கள். காயவைத்த தோலில் விழும் முதல் அடி ஒத்திகையில் கேட்டதைவிடப் பலமாகத்தான் வரும்.

இன்னொரு உபயோகம் அதன் மட்டமான ஸ்பீக்கர். மிக்ஸ் முடிந்ததும் கடைசியாக அதில் போட்டுக் கேட்கிறேன். நம் பாட்டை மக்கள் மொபைலிலும் டீக்கடை ஸ்பீக்கரிலும்தானே கேட்கிறார்கள். தவிலின் தொப்பிப் பக்கம் பெரிய மானிட்டரில் நெஞ்சில் இடிக்கும், இதில் காணாமலே போய்விடும். அப்போது அடிநாதத்தைக் கூட்டிப் பயனில்லை, அதன் மேல் ஸ்தாயி ஒலிகளைக் கொஞ்சம் தூக்கினால் சின்ன ஸ்பீக்கரிலும் தொப்பி பேசும்.

இதற்காகப் பழைய லேப்டாப்பைத் தேடிப் போய் வாங்க வேண்டாம். வீட்டில் சும்மா கிடந்தால் மட்டும் ரேம், எஸ்எஸ்டி, பேட்டரி மூன்றுக்கும் செலவு செய்யுங்கள். பதிவுகளை அதிலேயே விட்டு வைக்காதீர்கள். ஏற்றிய கேசட்டை அன்றைக்கே ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் ஃபைல் வகை) ஆக்கி ரெண்டு தனி டிஸ்க்கில் போட்டு, ஒன்றைக் கேசட்டின் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன். இப்போது கீபோர்டில் சில பட்டன்கள் வேலை செய்யவில்லை, யூஎஸ்பி கீபோர்டு செருகி ஓட்டுகிறேன். திரையின் கீலும் தளர்ந்து வருகிறது. அது உடைந்தால் வெளி மானிட்டர் ஒன்றை மாட்டி, கேசட் மூலையிலேயே நிரந்தரமாக வைத்துவிடுவதாக இருக்கிறேன்.