மடலுக்கு அடியில் என்ன இருக்கிறது? மழலையருக்கான மூன்று இயற்கைப் புத்தகங்கள்

தமுக்கம் மைதானத்தில் நடந்த புத்தகத் திருவிழாவில், அப்போது ஒன்றரை வயதாகியிருந்த என் மகளுக்காக, அட்டை மடலைத் தூக்கினால் அடியில் வேறொரு படம் தெரியும் புத்தகங்கள் மூன்றை வாங்கினேன். ஒன்று தோட்டத்தைப் பற்றியது, மற்றொன்று காட்டைப் பற்றியது, மூன்றாவது குளத்தைப் பற்றியது. ஐந்து மாதங்களாக நாள் தவறாமல் புரட்டிய பிறகே இதை எழுதுகிறேன்.

மூன்றில் முதலிடம் தோட்டப் புத்தகத்துக்கு. அதில் மடலாக இருப்பது இலைதான். தூக்கினால் அடிப்புறத்தில் முட்டைகள் தெரிகின்றன, அடுத்த பக்கத்துச் சுருண்ட இலைக்குள் பச்சைப் புழு இருக்கிறது. உண்மையிலும் அவை இருக்கும் இடம் அதுவே என்பதால், எங்கள் கொல்லையிலுள்ள கறிவேப்பிலைச் செடியின் இலைகளை என் மகள் தானாகவே திருப்பிப் பார்க்கத் தொடங்கினாள். கறிவேப்பிலை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு, பறவையின் எச்சம்போல் தோன்றிப் பின்னர் பச்சை நிறமாவதை இருவருமாகச் சேர்ந்து பார்த்தோம். மண்ணை மடலாக்கிய பக்கத்தில் கேரட் இருக்கிறது. பூ மேலே பூத்து, அதன் காம்பு மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும் நிலக்கடலையை அங்கே வரைந்திருந்தால் நம் ஊர்க் குழந்தைகளுக்கு எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்!

இந்த நல்ல புத்தகத்திலும் ஒரு பிழை உண்டு. கடைசி மடலில், பட்டுநூலால் பின்னிய பழுப்புக் கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வெளிவருகிறது. அத்தகைய கூட்டைப் பின்னுபவை பெரும்பாலும் அந்துப்பூச்சிகளே. எங்கள் செடியிலிருந்த கூட்டுப்புழு, இடுப்பில் ஒற்றைப் பட்டிழையைக் கட்டிக்கொண்டு, வெறும் பச்சை உறையாகத் தண்டில் சாய்ந்திருந்தது. இரண்டு வயதுக்குள் மனத்தில் பதியும் படம் என்பதால் இதைச் சிறு பிழையென்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

காட்டுப் புத்தகம் ஏமாற்றமளித்தது. மரத்தில் கைப்பிடியுடன் கதவு, பாறையில் திரைச்சீலை என்று எல்லாம் அலங்காரம். என் மகள் கதவைத் திறந்து மூடுவதிலேயே மூழ்கிவிட, உள்ளே இருந்த ஆந்தையைப் பார்க்கவே இல்லை. 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றிலும், 18 முதல் 22 மாதக் குழந்தைகள் புதிய விலங்குப் பெயர்களை, விரித்தால் எழும் படங்கள் கொண்ட புத்தகத்தைவிட, சாதாரணமாக அச்சிட்ட நிழற்படங்கள் கொண்ட புத்தகத்திலிருந்தே நன்றாகக் கற்றார்கள். கைக்கு வேலை கூடினால் கண்ணுக்குக் கவனம் குறைகிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஆனாலும் பனிக்காலச் சருகுக்கடியில் உறங்கும் பிராணியைக் கண்டதும் அம்மாச்சி, "இது நம்ம முள்ளெலியில்ல!" என்று மகிழ்ந்து, தெற்கத்தி வறண்ட காட்டில் வாழும் முள்ளெலியைப் பற்றிப் பேத்திக்குச் சொன்ன அரைமணி நேரம், அந்தப் புத்தகத்தால் எங்களுக்குக் கிடைத்த நல்ல பயன்.

குளப் புத்தகம் குறைசொல்ல இடமில்லாதது. தாமரையிலைக்கு அடியில் தவளை, மீன், தலைப்பிரட்டை, அவ்வளவுதான்.

உழைப்பு என்று பார்த்தால், தோட்டப் புத்தகத்தின் மடல்கள் பக்கத்தைப்போலவே கெட்டி அட்டையால் ஆனவை. ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிறைபோல் வெட்டியிருப்பதால் குழந்தை பிய்த்து இழுப்பதில்லை. காட்டுப் புத்தகத்தில் இருப்பவை ஒட்டிய தாள் மடல்கள். முதல் வாரத்திலேயே நான்கு கிழிந்து, செல்லோ டேப்பின் தயவில் நிற்கின்றன. மூன்றிலும் ஆங்கிலமே இருப்பதால் நான் தமிழில் சொல்லிக்கொண்டே காட்டுகிறேன். பக்கத்துக்கு ஒரு வரிதான் என்பதால் அது சிரமமாக இல்லை.

ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் தோட்டத்தையும் குளத்தையும் தயங்காமல் வாங்கலாம். காட்டுப் புத்தகம் மூன்று வயது வரை காத்திருக்கட்டும். எதை வாங்கினாலும், பணம் கொடுக்குமுன் ஒரு மடலை முழுவதும் மடக்கி, மடிப்பு வெளுத்து விரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.