கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகுதா? யூபிஎஸ் வாங்குமுன் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள்

குளச்சலில் எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். நானே பாகம் பாகமாக வாங்கிக் கோர்த்த கம்ப்யூட்டர் போன ஐப்பசி மழையில் சொல்லாமல் கொள்ளாமல் ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. விண்டோஸ் பிழையைக் காட்டும் நீலத்திரை கிடையாது, பட்டென்று இருட்டி மறுபடி பயாஸ் லோகோ வரும். நான் கேட்டவர்களில் பாதிப் பேர் "நம்ம ஊரு கரண்டுக்கு யூபிஎஸ் போடு" என்றார்கள், மீதிப் பேர் "எஸ்எம்பிஎஸ்ஸை மாத்து" என்றார்கள். யூபிஎஸ் கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டும் பெட்டி, எஸ்எம்பிஎஸ் கேபினட்டுக்குள் வீட்டுக் கரண்டைப் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி. இரண்டுமே சில ஆயிரம் ரூபாய் சமாசாரம், அதனால் எது முதலில் என்பது முக்கியம்.

காசு செலவழிக்கும் முன் விண்டோஸ் நடந்ததைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். கெர்னல்-பவர் 41 என்று இருந்தால் விண்டோஸ் ஒழுங்காக மூடப்படவில்லை என்றுதான் அர்த்தம், காரணம் அதில் இருக்காது. ஆனால் உள்ளே பக்செக்கோட் (நீலத்திரைப் பிழையின் எண்) 0 என்று இருந்தால் நீலத்திரை எதுவும் பதிவாகவில்லை, சந்தேகம் மின்சாரம் பக்கம் சாயும். எனக்கு 0 தான்.

யூபிஎஸ் கட்சிக்கு ஒரு நியாயம் உண்டு. கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கும்போது டியூப்லைட் ஒரு இமைப்பொழுது மங்கும், அந்த நேரத்தில்தான் எனக்கும் பலமுறை போனது. ஆனால் நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடில்கூட சுமார் 16 மில்லிசெகண்ட் கரண்ட் இல்லாமலே தாக்குப்பிடிக்க வேண்டும், சாதாரண யூபிஎஸ் பேட்டரிக்கு மாற எடுப்பது 10 மில்லிசெகண்டுக்குள்தான், அந்த இடைவெளியையும் தாங்குவது எஸ்எம்பிஎஸ்தான். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் தளர்ந்துவிட்டால் அந்தத் தாங்கும் நேரம் குறைந்துபோகும், அப்புறம் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர் தாங்குகிற சின்ன மங்கலுக்கே நம்முடையது விழுந்துவிடும். பழி மட்டும் கரண்ட் மேல்.

சரி, சோதித்துப் பார்ப்போம் என்று மச்சானிடம் யூபிஎஸ்ஸை ஒரு வாரம் இரவல் வாங்கினேன். மோட்டார் நேரத்து ரீஸ்டார்ட் நின்றது. ஆனால் வோல்டேஜ் நிலையாக இருந்த இரவிலும் கேம் ஓடி பத்தாவது நிமிடத்தில் கிராபிக்ஸ் கார்டு ஃபேன் வேகமெடுத்ததும் பட்டென்று போனது. மல்டிமீட்டரில் எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் மஞ்சள் வயருக்கும் கருப்பு வயருக்கும் இடையே வைத்துப் பார்த்தேன்: சும்மா இருக்கும்போது 11.9 வோல்ட், கேம் ஓடும்போது 11.3. அனுமதிக்கப்பட்டது 11.4 முதல் 12.6 வரை. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன், யூபிஎஸ் இல்லாமலே இரண்டு வகை ரீஸ்டார்ட்டும் நின்றுவிட்டது.

அதனால் என் கட்சி எஸ்எம்பிஎஸ்தான். யூபிஎஸ் அதன் நோயை மறைத்து வைக்கும், அவ்வளவுதான். வாங்கினாலும் அளவு பாருங்கள், 600 விஏ என்று போட்டிருப்பது பெரும்பாலும் 360 வாட்தான் தரும், பெரிய கிராபிக்ஸ் கார்டு இருந்தால் பேட்டரிக்கு மாறிய உடனே ஓவர்லோடாகி அணைந்துவிடும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பல மாடல்களில் பின்னால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அது நார்மலில் இருந்தால் மாறுவது மெதுவாக இருக்கும், கம்ப்யூட்டர் தாங்காது. யூபிஎஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள், காசே இல்லை.

ரேமைக் குற்றம் சொல்பவர்களும் உண்டு. ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் பயாஸில் அணைத்து இரண்டு நாள் ஓட்டினால் தெரிந்துவிடும். கடலோரம் இருப்பவர்கள் கேபினட்டின் ரீசெட் பட்டன் வயரை மதர்போர்டிலிருந்து கழற்றி வைத்தும் பாருங்கள், உப்புக்காற்றில் அந்தச் சின்ன பட்டன் துருப்பிடித்துத் தானாக ஷார்ட் ஆனாலும் இதே மாதிரிதான் ரீஸ்டார்ட் ஆகும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே சார்ஜ் நிற்கும்.

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் மழையில் அடிக்கடி கரண்ட் போகிறவர்களுக்கு யூபிஎஸ் தேவைதான், பாதியில் நிற்கும் வேலையைச் சேமித்து மூட அந்த ஐந்து நிமிடம் பெரிது. ஆனால் இடி முழங்கினால் அதையும் நம்ப வேண்டாம், பிளக்கோடு லேன் வயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுங்கள்.